மண்டகள்ளியிலிருந்து ஒன்றரை லட்சம் உயிரோடு பறந்த கதை

இந்த ஏப்ரலில் நான் மைசூரிலிருந்து ஐதராபாத்துக்கு விமானத்தில் போனேன். போகாதே என்று சொன்னவர்கள் பதினோரு பேர். போ என்று சொன்னவள் ஒருத்தி, என் மகள் கவிதா. அவளும் கடைசியில்தான் சொன்னாள். மைசூர் பக்கத்திலிருந்து இப்படிப் போக நினைப்பவர்களுக்கு, முக்கியமாக விவசாயம் பார்ப்பவர்களுக்கு, உதவட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்றால், நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது, தப்பைக் கவிதா திருத்துகிறாள். பள்ளிக்கூடம் நான் மழைக்கு ஒதுங்கிய இடம்.

எங்கள் தோட்டம் ஹனூர் பக்கம். மாதேஸ்வரன் மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஹனூரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு பட்டுப்புழு மனை. இருபத்தெட்டு வருஷமாகப் புழு வளர்க்கிறேன். கவிதா அதையே மைசூரில் படித்து, கூடப் படித்த தெலுங்குப் பையனைக் கட்டிக்கொண்டு, ஐதராபாத்துக்கு அந்தப் பக்கம் ஜனகாம் அருகே ஒரு கிராமத்தில் இளம்புழு மையம் ஆரம்பித்திருக்கிறாள். இளம்புழு மையம் என்றால், முட்டை வாங்கிப் பொரிக்க வைத்து, புழு இரண்டாவது தோல் உரிக்கும்வரை வளர்த்து விவசாயிகளிடம் கொடுப்பது. பிள்ளை பெற்றவள் கையில் பச்சைக் குழந்தையைக் கொடுக்காமல் பத்து நாள் பார்த்துக் கொடுப்பது மாதிரி.

அவளுடைய முதல் முட்டையே கெட்டுப்போனது. பஸ்ஸில் பார்சலாகப் போட்டது. பெட்டி வைக்கும் அறை அடுப்பு மாதிரி இருந்திருக்க வேண்டும், இருநூறு தொகுதி, அதாவது இருநூறு பூச்சி இட்ட முட்டையில் கைப்பிடி அளவு கூடப் பொரியவில்லை. ஆறு விவசாயிகள் மல்பெரியைக் கவாத்து பண்ணி, தழை தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மல்பெரித் தழை யாருக்காகவும் காத்திருக்காது. முற்றிவிட்டால் புழு தின்னாது. இன்னும் மூன்று நாள் பார்ப்போம், இல்லாவிட்டால் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறோம், இனி உன்னிடம் வர மாட்டோம் என்று ஆறு பேரும் சொல்லிவிட்டார்கள். கவிதா எனக்குப் போன் போட்டு, அடுத்த முட்டையும் போனால் மனையைப் பூட்டிவிட்டு ஐதராபாத்தில் ஏதாவது சம்பள வேலைக்குப் போகிறேன் என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

மைசூரில் முட்டை தயாரிக்கும் இடத்தில் எனக்குப் பழக்கம் உண்டு. கேட்டேன். முந்நூறு தொகுதி இருக்கிறது, ஆனால் தலை கறுத்துவிட்டது, ஏற்கெனவே கருப்புத் தாளில் வைத்தாகிவிட்டது, வியாழக்கிழமை காலை பொரிய வேண்டியது என்றார்கள். புதன்கிழமை காலைதான் கையில் கிடைக்கும்.

இதைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் மீதிக் கதை விளங்காது. பட்டுப்புழு முட்டை கடுகைவிடச் சின்னது. பொரிவதற்கு இரண்டு நாள் முன்னால் உள்ளே இருக்கும் புழுவின் தலை கறுப்புப் புள்ளியாகத் தெரியும். அப்போது கருப்புத் தாளில் சுற்றி இருட்டில் வைத்துவிடுவோம். முந்திக்கொள்ளப் பார்க்கும் புழுவும் பிந்துகிற புழுவும் இருட்டில் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். மூன்றாம் நாள் விடிந்ததும் தாளைப் பிரித்தால் வெளிச்சம் பட்டு எல்லாம் ஒன்றாகப் பொரியும். ஒரு நாள் முன்னால் வெளிச்சம் பட்டுவிட்டால் பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு, மிச்சம் மறுநாள். ஒன்று தூங்கும்போது ஒன்று தின்னும். அந்தப் புழுவை வைத்துக்கொண்டு எந்த விவசாயியும் பிழைக்க முடியாது.

ஆக, புதன் காலை பத்து மணிக்கு மைசூரில் இருக்கிற முட்டை, வியாழன் காலை ஆறு மணிக்கு ஜனகாமில் இருட்டோடு இருக்க வேண்டும். மைசூரிலிருந்து ஐதராபாத்துக்கு ரோட்டில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் பஸ்ஸில் போனால் ஏப்ரல் வெயிலில் முட்டை வெந்துவிடும், சாயங்கால பஸ் பிடித்தால் வழியிலேயே விடிந்துவிடும். அப்போதுதான் விமானம் என்றேன்.

எங்கள் ஊரில் சிரித்தார்கள். சரி, விமானம் என்றால் பெங்களூருக்குப் போ என்றார்கள். மைசூரிலிருந்து பெங்களூர் விமான நிலையம் நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர். அதில் பெங்களூரைக் குறுக்கே கடப்பது தனிப் பயணம். நல்ல நாளில் நாலரை மணி நேரம், கெட்ட நாளில் கடவுள்தான் சொல்ல வேண்டும். ஏப்ரல் வெயிலில் முட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான் ஏன் அங்கே போக வேண்டும்? மைசூருக்குப் பத்து கிலோமீட்டரில், நஞ்சன்கூடு ரோட்டில், மண்டகள்ளியில் ஒரு விமான நிலையம் இருக்கிறது. அதற்கும் எங்கள் நிலத்தைப் போன்ற நிலத்தைத்தான் எடுத்துக் கட்டினார்கள். இருக்கிறது என்பதையே எல்லோரும் மறந்துவிட்டால் அது யாருக்கு இருக்கிறது?

புதன்கிழமை ஹனூரில் காலை 5.40 பஸ். கொள்ளேகால் இருபத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது நிமிஷம். அங்கிருந்து டி.நரசிபுரம் வழியாக மைசூர் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, 8.40க்கு இறங்கினேன். இரண்டு பஸ்ஸுக்கும் சேர்த்து ஆன செலவு பூஜ்யம். கர்நாடகத்தில் பெண்கள் ஆதார் காட்டினால் அரசு பஸ்ஸில் காசு கிடையாது. விமான டிக்கெட் மட்டும் 4,236 ரூபாய். முதல் எண்பத்தைந்து கிலோமீட்டர் இலவசம், அப்புறம் இந்த விலை. பெண்கள் மைசூர் சந்தை வரைக்கும் போனால் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பத்து மணிக்கு முட்டை கைக்கு வந்தது. காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, அதற்குள் கருப்புத் தாளில் சுற்றிய முட்டை அட்டைகள், வெளியே ஈரத்துணி. எக்ஸ்ரேயில் விட வேண்டாம், வெளிச்சம் படக் கூடாது என்று இங்கிலீஷில் ஒரு சீட்டும் எழுதித் தந்தார் அங்கிருந்த ஐயா. எக்ஸ்ரே பட்டால் கெடுமா கெடாதா என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தை மகள் பிழைப்பில் பரீட்சை பார்க்க மாட்டேன்.

வெளியே வந்து ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பெயர் ரவி, முப்பது வயதிருக்கும். அப்பா காலத்தில் தர்மபுரியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பம், மண்டி மொஹல்லாவில் வீடு. தமிழ் பேசினார், நடுநடுவே கன்னடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏறினதும் பெட்டியை முந்தானையால் மூடினேன். முன்னால் சாமி படத்துக்குக் கீழே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. மைசூர் ஊதுவத்திக்குப் பேர்போன ஊர். பட்டுப்புழுவுக்கு அந்த வாசனையே ஆகாது. நாங்கள் புழு மனைக்குள் போகும்போது பூ வைக்க மாட்டோம், பவுடர் போட மாட்டோம், புகையிலை போட்ட ஆளை வாசலோடு நிறுத்துவோம்.

"தம்பி, அந்த ஊதுவத்தியைக் கொஞ்சம் அணைச்சிருங்க சாமி" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, காலைல போணி ஆகலை, நீங்கதான் ஃபர்ஸ்ட். சாமிக்கு வெச்சதை அணைக்கச் சொல்றீங்களே."

"என்ற மடியில இருக்கறதும் சாமிதானுங்க. புகை ஆகாது."

பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன நினைத்தாரோ, ஊதுவத்தியைப் பிடுங்கி வெளியே ஒரு மரத்தடியில் மண்ணில் குத்தி வைத்துவிட்டு வந்தார். அணைக்கவில்லை, மாற்றி வைத்தார். கெட்டிக்காரர். எங்கே என்று கேட்டார். ஏர்போர்ட் என்றேன், முந்நூறு ரூபாய் பேசினோம்.

வண்டி போனது. போய்க்கொண்டே இருந்தது. மகளுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்ததால் நானும் கவனிக்கவில்லை. நின்றபோது பார்த்தால் காலையில் நான் இறங்கிய அதே பஸ் ஸ்டாண்ட்.

"அதோ நிக்குது பாருங்கம்மா, ஏர்போர்ட் பஸ். வேகமாப் போங்க, சீட் சிகும், கிடைக்கும்" என்றார்.

மைசூரில் ஏர்போர்ட் என்றால் பெங்களூர் போகும் பஸ் என்று அர்த்தம். அவரைக் குறை சொல்ல முடியாது. பத்து வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறார், மண்டகள்ளிக்கு என்று யாரும் ஏறியதில்லையாம். அங்கே விமானம் வருகிறது என்பதே வதந்தி என்று நினைத்தேன் என்று சொல்லிச் சிரித்தார். நான் இறங்கவில்லை.

"ஆய்தும்மா, சரி, அங்க போயி பிளேன் இல்லேன்னா நானே திரும்பக் கூட்டிட்டு வரேன். வாபஸ் வர்றதுக்குக் காசு பேடா, வேணாம்" என்றார்.

"திரும்பி வர்றதுக்கு நான் கிளம்பலைங்க, ஓட்டுங்க."

இதில் நாற்பது நிமிஷம் போனது. 11.35க்கு மண்டகள்ளி வந்து சேர்ந்தோம். விமானம் 1.25க்கு. இதை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்: மைசூரில் ஏர்போர்ட் என்று மட்டும் சொல்லாதீர்கள், மண்டகள்ளி என்று சொல்லுங்கள்.

விமான நிலையம் சின்னது, சுத்தமாக இருக்கிறது. எங்கள் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் பாதி கூட்டம் கிடையாது. ஓடுபாதை நீளம் போதாது என்பதால் இறக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம்தான் இங்கே இறங்க முடியும். நீட்டிக்கப் போகிறோம் என்று பல வருஷமாகப் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் கோவா, கொச்சி என்றெல்லாம் இங்கிருந்து போனது, இப்போது இல்லை. ஏன் இல்லை என்று கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். ஆள் ஏன் இல்லை என்று கேட்டால் விமானம் இல்லை என்கிறார்கள். செக்குமாடாவது கடைசியில் எண்ணெய் தரும்.

கவுண்டரில் ஒரு சின்னப் பெண். பையில் என்ன என்று கேட்டாள். இங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். எங்களுக்கு முட்டையைப் பொருளாகச் சொல்லிப் பழக்கமில்லை. வீட்டில் எத்தனை உருப்படி என்று கேட்டால் புழுவையும் சேர்த்துத்தான் சொல்வோம். ஒரு தொகுதிக்கு ஏறக்குறைய ஐந்நூறு முட்டை, முந்நூறு தொகுதி.

"ஒன்றரை லட்சம் உசுரு இருக்குதுங்க" என்றேன்.

அந்தப் பெண் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள். உள்ளே போய் ஒரு மேலாளரைக் கூட்டி வந்தாள். உயிருள்ள பிராணி ஏற்ற முடியாது என்று அவர் கன்னடத்தில் ஆரம்பித்தார். பிராணி இல்லை, முட்டை என்று சீட்டைக் காட்டினேன். கோழி முட்டை மாதிரியா என்றார். கோழி முட்டை சைஸில் ஒன்றரை லட்சம் இருந்தால் நான் லாரி பிடித்திருப்பேன், உங்களிடம் ஏன் வருகிறேன் என்றேன். சிரித்துவிட்டார். சிரித்தவர் யாருக்கோ போன் போட்டார், சீட்டைப் படித்துக் காட்டினார், பத்து நிமிஷம் பேசினார். கையில் வைத்துக்கொண்டு போக எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனையில் விடுவார்களா என்பது அவர்கள் முடிவு என்றார்.

உங்களுக்கு என் அறிவுரை: உயிர் என்று சொல்லாதீர்கள். பட்டுப்புழு விதை என்று சொல்லுங்கள்.

சோதனையில் காக்கி உடுப்பில் ஒரு பெண் அதிகாரி. கன்னடக்காரப் பெண். கண்டிப்பு முகத்திலேயே தெரிந்தது. பெட்டியை மிஷினில் வையுங்கள் என்றாள். வைக்க மாட்டேன் என்று சீட்டைக் கொடுத்தேன். படித்தாள். சரி, மிஷினில் போடவில்லை, ஆனால் திறந்து காட்ட வேண்டும், கருப்புத் தாளில் சுற்றிய பெட்டியைப் பார்க்காமல் விமானத்தில் ஏற்றினால் என் வேலை போய்விடும் என்றாள். அவள் சொன்னது நியாயம். திறந்தால் என் மகள் பிழைப்பு போய்விடும் என்றேன். நான் சொன்னதும் நியாயம்.

இரண்டு நியாயம் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது? மேலே கண்ணாடிக் கூரை, மத்தியானம் பன்னிரண்டரை மணி வெயில், அது போதாதென்று பகலிலேயே எல்லா டியூப் லைட்டும் எரிகிறது. அவளுடைய மேலதிகாரி வந்து, நேரமாகிறது, திறங்கள் இல்லாவிட்டால் திரும்பிப் போங்கள் என்று இந்தியில் சொன்னார். பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டுத் தள்ளி நின்றேன். பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

கன்னடத்தில் அவளிடம் சொன்னேன். "அம்மணி, நான் உங்களை எதிர்த்துப் பேசலை. நீங்க பாக்கணும், பாருங்க. கையில பாருங்க. வெளிச்சத்துல வேண்டாம்."

பயணம் என்றால் நான் கருப்புக் கம்பளி இல்லாமல் கிளம்ப மாட்டேன். எங்கள் பக்கம் ஆடு மேய்ப்பவர்கள் நெய்யும் கம்பளி, மழையே உள்ளே நுழையாது. பெண்களைத் தடவிப் பார்க்கத் திரை போட்ட ஒரு சின்ன அறை இருக்குமே, அதைக் காட்டினேன். அதற்குள் போய்க் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் பார்ப்போம் என்றேன்.

அவள் மேலதிகாரியைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு, உன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

உள்ளே கம்பளியை இருவர் தலைக்கும் மேல் போட்டேன். கும்மிருட்டு. அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது. தாளைப் பிரித்து அவள் விரலைப் பிடித்து அட்டையின் மேல் வைத்தேன். மணல் காகிதம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு அட்டையாக ஓரத்தைத் தடவினாள், அடியில் கை விட்டாள், பெட்டியின் மூலையை எல்லாம் அமுக்கிப் பார்த்தாள். விட்டுக் கொடுக்கவில்லை, ஒரு அட்டையைக் கூட விடவில்லை. கடைசி அட்டையில் கேட்டாள், இது எப்போது புழு ஆகும் என்று. நாளைக் காலை என்றேன். கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். எனக்குப் புழு என்றாலே ஆகாது என்று முணுமுணுத்தாள். பயந்துகொண்டே பன்னிரண்டு அட்டையையும் பார்த்திருக்கிறாள். தாளை மூடிக் கட்டிய பிறகு வெளியே வந்து, ஒரு துணித் துண்டால் பெட்டியைத் துடைத்து, அந்தத் துணியை மட்டும் வெடிமருந்து சோதிக்கும் மிஷினில் வைத்துப் பார்த்து, போங்கள் என்றாள். அவள் தலைமுடி முழுக்கக் கம்பளி நூல். நான் சொல்லவில்லை.

விமானம் நாற்பது நிமிஷம் தாமதம். 2.05க்குக் கிளம்பியது. எழுபது சொச்சம் சீட் இருக்கும், மூன்றில் ஒரு பங்கு காலி. என் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். மைசூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம், நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் மேலாளர். மடியில் பெட்டியைப் பார்த்து விசாரித்தார், சொன்னேன். நல்ல மனிதர், ஆனால் படித்தவர். படித்தவர்கள் காலி சீட்டைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

"பாத்தீங்களாம்மா, இவ்ளோ காலியா போனா எந்தக் கம்பெனி ஓட்டும்? இது எகனாமிக்ஸ். ரோடும் ரயிலும் நல்லா இருந்தா உங்களைப் போல இருக்கறவங்களுக்குப் போதும்" என்றார்.

எங்களைப் போல இருப்பவர்களுக்கு எது போதும் என்பது எப்போதும் மற்றவர்களுக்குத்தான் தெரிகிறது. நான் அவருக்கு எங்கள் ஊர் பஸ் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் கல்யாணமாகி வந்த வருஷம்தான் எங்கள் ஊருக்கு முதல் பஸ் விட்டார்கள். ஒரு மாதம் ஓடிற்று. மூன்று பேர், நான்கு பேர். டிப்போவில் ஆள் இல்லை, நிறுத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் எப்படி இருப்பார்கள்? பஸ் வரும் என்று நம்பி யாரும் கொள்ளேகாலில் வேலை தேடவில்லை, பாலை அங்கே ஊற்றவில்லை, பிள்ளையை அங்கே சேர்க்கவில்லை. அப்போது எங்கள் தெருப் பெண்கள் முறை போட்டார்கள். திங்கள்கிழமை மேலத் தெரு, செவ்வாய் கீழத் தெரு, புதன் தோட்டத்துக்காரர்கள். வேலை இருக்கிறதோ இல்லையோ தினம் பத்து பேர் ஏறிக் கொள்ளேகால் போய் வர வேண்டும். ஒருத்தி ஆள் கிடைக்காமல் கோழியோடு ஏறினாள், கண்டக்டர் கோழிக்கும் டிக்கெட் போட்டார். ஏழு மாதம் அப்படி ஓட்டினோம். எட்டாவது மாதம் முறை தேவைப்படவில்லை, நிற்க இடமில்லை.

அவர் நன்றாகச் சிரித்தார். அப்புறம் கேட்டார். "சரிம்மா, ஆனா பிளேன்ல அப்படி முறை போட்டு ஏற முடியுமா?"

"முடியாதுங்க. நாலாயிரம் ரூவாய்க்குக் கோழியைக் கூட்டிட்டு வர எங்களால ஆகாது. அதுக்குத்தானுங்க அரசாங்கம்னு ஒண்ணு வெச்சிருக்கறது. கூட்டம் வர்ற வரைக்கும் அவங்க முறை போடணும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே துங்கபத்திரையா வேறு ஏதாவதா தெரியவில்லை, ஒரு ஆறு மணலாகக் கிடந்தது. பிறகு தாழ்ந்த குரலில் அவராகவே சொன்னார். அவர் கம்பெனிக்கு இரண்டாவது ஆலை போட வேண்டியிருந்ததாம். இடம் மைசூரில் பார்த்துவிட்டார்கள். வெளியூரிலிருந்து சரக்கு வாங்க வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, காலையில் வந்து சாயங்காலம் திரும்ப விமானம் இருக்கிறதா என்பது. இல்லை. ஆலை வேறு ஊருக்குப் போய்விட்டது. நானூறு பேருக்கு வேலை என்றார். அந்த நானூறு பேர் யார் என்று நான் கேட்கவில்லை. கொள்ளேகாலிலும் நஞ்சன்கூட்டிலும் படித்துவிட்டுப் பெங்களூரில் எட்டுப் பேர் ஒரு அறையில் கிடக்கிறார்களே, அவர்கள்தான்.

"அப்ப காலி சீட்டை மட்டும் எண்ணாதீங்க. அந்த நானூறையும் எண்ணுங்க" என்றேன்.

3.55க்கு ஐதராபாத்தில் இறங்கினோம். அந்த விமான நிலையத்தில் நடக்கிற தூரமே எங்கள் தோட்டத்தை மூன்று சுற்று சுற்றும் தூரம். மருமகன் சீனு காரோடு நின்றார். ஏ.சி. போட்டு, வாசனைப் பாட்டில் எதுவும் இல்லாமல் காரைக் கழுவி வைத்திருந்தார். அந்த விஷயத்தில் என் மகள் நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், வழியில் லாரி நெரிசல், 7.20க்கு வீடு. கவிதா பெட்டியை வாங்கிக்கொண்டு போய் மனையில் இருட்டில் வைத்துவிட்டு வந்தாள். சாப்பிட்டாயா என்று நான் கேட்டதற்கு, நாளைக்கு என்றாள்.

வியாழன் காலை ஐந்தே முக்காலுக்கே ஆறு விவசாயிகளும் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். அவர்களில் எல்லையா என்ற மூத்தவர், முதல் முட்டை கெட்டபோது அதிகம் கத்தியவராம். ஆறு மணிக்குக் கவிதா தாளைப் பிரித்து அட்டைகளை வெளிச்சத்தில் பரப்பினாள்.

முதலில் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. எனக்கு மைசூர் ஊதுவத்தி, கம்பளிக்குள் பிரித்தது, விமானத்தின் ஆட்டம் எல்லாம் மனதில் வந்தது. கவிதா என்னைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு அட்டையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு நூல் நெளிந்தது. பக்கத்தில் இன்னொன்று. ஆறரைக்கு அட்டைகள் நிறம் மாறத் தொடங்கின. ஏழரைக்கு எறும்புப் புற்றை உடைத்தது மாதிரி எங்கும் கறுப்பு. எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல், எல்லாம் ஒரே வயது. கவிதா கொழுந்துத் தழையை மயிர் போலச் சீவி மேலே தூவினாள். புழு தழைக்கு ஏறியது. அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, பசிக்குது" என்றாள்.

எல்லையா தெலுங்கில் ஏதோ கேட்டார். கவிதா சொன்னாள், அடுத்த முட்டைக்கும் உங்கம்மா வருவார்களா என்று கேட்கிறார். விமானம் வந்தால் வருவேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆறு நாள் இருந்துவிட்டு அதே விமானத்தில் திரும்பினேன். திரும்பும் டிக்கெட் 3,870. பெங்களூர் வழியாக வந்தால் எண்ணூறு ரூபாய் குறையும் என்று சீனு போனில் காட்டினார். வேண்டாம் என்றேன். காலி சீட்டில் ஒன்றையாவது குறைக்கிறேன்.

மண்டகள்ளியில் இறங்கி வெளியே வரும் இடத்தில் ஒரு பெண் கையில் பலகை மாதிரி ஒரு போனை வைத்துக்கொண்டு பயணிகளிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த வழியில் யார், எதற்காகப் பயணம் செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம். விமானம் கூட்டுவதா குறைப்பதா என்பதற்கு இதெல்லாம் உதவும் என்றாள். வந்த காரணம் வியாபாரமா, அலுவலகமா, சுற்றுலாவா, மருத்துவமா, சொந்த விஷயமா என்று கன்னடத்தில் கேட்டாள்.

"விவசாயம்" என்றேன்.

அப்படி ஒரு கட்டம் இல்லையே அம்மா, மற்றவை என்று போட்டுக்கொள்ளட்டுமா என்றாள்.

மற்றவை என்று போடாதே என்றேன். மகள் வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள், சொந்த விஷயம் என்று போடுகிறேன் என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். பின்னால் பயணிகள் போய்க்கொண்டிருந்தார்கள், எனக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, அந்தத் தூணோரமாக ஒரு நாற்காலியும் இருந்தது. உட்கார்ந்தேன். விதை கொண்டு போனேன், ஆறு குடும்பம் இப்போது புழு வளர்க்கிறது, இதற்குப் பெயர் என்ன என்று அவளையே கேட்டேன். ரொம்ப நேரம் அந்தப் பலகையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கீழே குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அங்கே எழுதி, எனக்குத் திருப்பிக் காட்டினாள். எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. பக்கத்தில் போனவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லி, விவசாயம் என்றுதான் இருக்கிறது என்று உறுதி பண்ணிக்கொண்டுதான் எழுந்தேன்.

இனி போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மைசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மண்டகள்ளிக்கு ஆட்டோ முந்நூறுக்கு மேல் கொடுக்காதீர்கள். நஞ்சன்கூடு போகும் பஸ்ஸில் ஏறினால் ரோட்டில் இறங்கி நடக்கலாம், பெட்டி இல்லாதவர்களுக்கு அது போதும். விமான நேரம் அடிக்கடி மாறுகிறது, முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே சாப்பாடு விலை அதிகம், புளிசாதம் கட்டிக்கொண்டு போங்கள், யாரும் தடுக்கவில்லை. விதையோ நாற்றோ கொண்டுபோனால் கொடுத்த இடத்தில் சீட்டு வாங்குங்கள், இரண்டு மணி நேரம் முன்னால் போங்கள், சோதனை செய்கிறவர்களிடம் சண்டை போடாதீர்கள், வழி சொல்லுங்கள். காரணம் கேட்கிற பெண் இன்னும் அங்கே இருந்தால், நீங்கள் பூ கொண்டு போனாலும் வெற்றிலை கொண்டு போனாலும், அவள் எழுதி முடிக்கிற வரைக்கும் நகராதீர்கள்.